கூட்டத்துல மேல இருந்தா டென்ஷன் கம்மியா? பபூன் குரங்கு ஆராய்ச்சிய வெச்சு ஒரு விவாதம்

மலைக்காத்து:
வணக்கம் மக்களே. ரெண்டு வாரமா ராபர்ட் சபோல்ஸ்கியோட ஆராய்ச்சியத்தான் படிச்சிட்டு இருக்கேன், மனசுல இருந்து போகவே மாட்டேங்குது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர், 1978-ல இருந்து வருஷா வருஷம் கென்யாவுல மாசாய் மாரா பக்கம் போய் டென்ட் போட்டு பபூன் கூட்டத்த கவனிச்சவர். (நாடகத்துல வர்ற பபூன் இல்லங்க, நாய் மாதிரி நீட்டு மூஞ்சியோட தரையில திரியற ஆப்பிரிக்கக் குரங்கு.) ஊதுகுழல்ல மயக்க ஊசி வெச்சு ஊதுவாரு, குரங்கு சாஞ்ச சில நிமிஷத்துல ரத்தம் எடுத்துடணும், லேட்டானா ஊசி பட்டதுல ஏறுற கார்டிசாலும் (டென்ஷன் வந்தா உடம்புல ஏறுற ஹார்மோன்) சேர்ந்துக்கும். அதுவும் தினமும் ஒரே நேரத்துலதான் எடுக்கணும், ஏன்னா அந்த ஹார்மோன் காலையில ஒரு அளவு இருக்கும், சாயங்காலம் ஒரு அளவு இருக்கும்.

அவர் கண்டது என்னன்னா, கூட்டத்துல மேல் இடத்துல இருக்குற ஆணுக்கு சும்மா இருக்கும்போது கார்டிசால் கம்மி, ஆபத்து வந்தா டக்குனு ஏறும், முடிஞ்சதும் டக்குனு இறங்கிடும். கீழ இருக்கறவனுக்கு எப்பவுமே ஏறியே இருக்கும், சிங்கம் வந்தாலும் வராட்டியும். சமூகம் உடம்புக்குள்ள எப்படிப் போகுதுங்கறதுக்கு இதவிட தெளிவா ஒரு உதாரணம் எனக்குத் தெரியல. என் கட்சி இதுதான்: எல்லாத்தையும் முடிவு பண்றது ரேங்க்.

சோளக்காடு:
பாஸ், பாதிக் கதையச் சொல்லிட்டு முடிவுக்கு வந்துட்டீங்க. அதே கென்யா, அம்போசெலி. அங்க ஜீன் ஆல்ட்மன் குழு 1971-ல இருந்து பபூன்கள விடாம பாத்துட்டு வர்றாங்க. 2011-ல 'சயின்ஸ்' இதழ்ல ஒரு கட்டுரை, 125 ஆண் பபூன், 9 வருஷ டேட்டா. அவங்க ஊசியே போடல, மலத்தச் சேகரிச்சு அதுல ஸ்ட்ரெஸ் ஹார்மோன் அளந்தாங்க. நம்பர் ஒன் ஆணுக்கு ஸ்ட்ரெஸ் எக்கச்சக்கம், கிட்டத்தட்ட கடைசியில இருக்கறவன் அளவுக்கு! ரெண்டாவது இடத்துல இருக்கறவன் அவனவிட ரொம்ப நிம்மதியா இருக்கான். முதல் இடத்துல இருக்கறவன் தினமும் சண்ட போடணும், பெட்டைங்கள இன்னொருத்தன் நெருங்காம காவல் காக்கணும், அந்த உழைப்புக்கு உடம்பு கூலி கேக்குது. அப்ப ரேங்க் ஏறினா ஸ்ட்ரெஸ் இறங்கும்னு எப்படிச் சொல்றீங்க?

மலைக்காத்து:
அந்தக் கட்டுரைய நானும் பாத்தேன் சோளக்காடு. ஆனா அதே கட்டுரையில அந்த முதல் ஆள ஒதுக்கிட்டுப் பாருங்க, ரெண்டாவதுல இருந்து கீழ போகப் போக ஹார்மோன் ஏறிட்டேதான் போகுது. அப்ப விதி நிக்குது, உச்சியில மட்டும் ஒரு விலக்கு. அதோட ரத்தம் காட்டறது அந்த நிமிஷத்து அளவு, மலம் காட்டறது பல மணி நேரத்துச் சேர்மானம். ரெண்டையும் ஒரே தராசுல வெக்கக் கூடாது.

லதா_கோழிக்கூடு:
நான் ஆராய்ச்சிக்காரி இல்ல, பதினாறு நாட்டுக்கோழி வளக்கறேன், ஆனா இந்தப் பேச்சு எனக்கு ரொம்ப நெருக்கமானது அதனால எழுதறேன். கொத்து வரிசைன்னு ஒண்ண முதல்ல கண்டுபிடிச்சதே கோழியிலதான், நார்வேக்காரர் ஷெல்டரப்-எப்பே, நூறு வருஷத்துக்கு முன்னாடி. யார் யாரக் கொத்தலாம்னு ஒரு வரிசை இருக்கும், அது செட்டில் ஆயிட்டா கொத்தறதே கம்மியாயிடும், கடைசிக் கோழி கூட தன் முறை வர்ற வரைக்கும் காத்திருந்து தின்னுட்டுப் போயிடும். போன தை மாசம் ரெண்டு புதுப் பெட்டை வாங்கி பகல்ல கூட்டுக்குள்ள விட்டுட்டேன், என் தப்புதான். மூணு நாள் கூடே ரணகளம், புதுசு ரெண்டும் மூலையில ஒடுங்கி தீனியே எடுக்கல, அது கூட பரவால்ல, வரிசையில முதல்ல இருந்த என் செவலக் கோழியும் முட்டைய நிறுத்திடுச்சு. மேல இருக்கறதுக்கும் சேர்த்துத்தான் பாதிப்பு வந்துச்சு.

அதனால கேக்கறேன் தம்பி, சபோல்ஸ்கி சொன்னது வரிசை உறுதியா இருந்த காலத்துக்கு மட்டும்தானே? வரிசை குலைஞ்சப்ப அந்தக் குரங்குங்களுக்கு என்ன ஆச்சு?

மலைக்காத்து:
அக்கா சரியான இடத்துல புடிச்சீங்க. ஒத்துக்கறேன், அவரே அதச் சொல்லியிருக்கார். மேல இருந்த ஆணுங்களுக்குள்ள பதவிச் சண்ட வந்து யார் பெரியவன்னே தெரியாம இருந்த மாசங்கள்ல, மேல இருக்கறவங்களுக்கு அந்தக் கம்மி கார்டிசால் இல்ல.

சோளக்காடு:
இதத்தான் நானும் சொல்ல வர்றேன். இப்ப அவரோட இன்னொரு கண்டுபிடிப்பையும் சேருங்க. ஒரே ரேங்க்ல இருக்குற ரெண்டு ஆணுக்கு ஒரே அளவு கார்டிசால் இல்ல. எதிரி வந்து பல்லக் காட்டறதுக்கும், எதிரி பத்தடி தள்ளிப் படுத்துத் தூங்கறதுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவனுக்குக் கம்மி, ரெண்டுக்கும் ஒரே மாதிரி பதறுறவனுக்கு அதிகம். பெட்டைங்களோட உக்காந்து பேன் பாக்குறவன், குட்டிங்களோட விளையாடறவன், அவங்களுக்கும் கம்மி. தோத்துட்டு வந்து தன்னவிடச் சின்னவன அடிச்சுத் தீத்துக்கறவனுக்கும் கம்மிதான்னு வந்துச்சு, அதப் படிக்கும்போது எனக்கு வயித்தப் பிசைஞ்சது.

எல்லாத்துக்கும் மேல அந்தக் 'காட்டுக் கூட்டம்' கதை. அவர் ரொம்ப வருஷம் பாத்த கூட்டம் அது. பக்கத்துல ஒரு டூரிஸ்ட் லாட்ஜ், அங்க குப்பைக் குழி, அதையே நம்பி இன்னொரு பபூன் கூட்டம். காட்டுக் கூட்டத்துல இருந்த முரட்டு ஆணுங்க மட்டும் காலையில எழுந்து அங்க போய் அந்தக் கூட்டத்தோட மல்லுக்கட்டி எச்சில் சாப்பாடு தின்னுட்டு வருவானுங்க. சாதுவா இருக்கறவன், பெட்டைங்களோட ஒட்டி இருக்கறவன் போகமாட்டான். 1980-கள் நடுவுல அந்தக் குப்பையில போட்ட காசநோய் மாட்டுக் கறி மூலமா டிபி பரவி, குழிக்குப் போன ஆணுங்க எல்லாம் செத்துப் போச்சு, அதாவது கூட்டத்து ஆணுல பாதி. மிஞ்சினது சாதுங்களும் பெட்டைங்களும்தான். கூட்டத்தோட குணமே மாறிடுச்சு, கீழ இருக்கறவன சும்மா சும்மா அடிக்கறது கொறஞ்சு, பேன் பாக்குறது கூடிடுச்சு.

முக்கியமான விஷயம் இனிமேதான். பபூன் ஆண் வயசுக்கு வந்ததும் பிறந்த கூட்டத்த விட்டு வேற கூட்டத்துக்குப் போயிடும். அதனால 1993 வாக்குல அந்தப் பழைய சாது ஆணுங்க ஒண்ணு கூட அங்க இல்ல, எல்லாரும் வெளிய வேற கூட்டங்கள்ல வளந்து வந்தவங்க. ஆனாலும் கூட்டம் அதே சாந்தத்தோட இருந்துச்சு, கீழ் ரேங்க் ஆணுங்களுக்கு மத்த கூட்டத்துல தெரியற ஸ்ட்ரெஸ் அறிகுறி இங்க இல்ல. சபோல்ஸ்கி இத லிசா ஷேர்ங்கற ஆய்வாளரோட சேர்ந்து 2004-ல வெளியிட்டார். ரேங்க் அங்கயும் இருந்துச்சு மலைக்காத்து, கடைசி ஆள் அங்கயும் கடைசி ஆள்தான், ஆனா கடைசியா இருக்கறது அவன் உடம்ப அரிக்கல.

விதைநெல்:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். அந்தக் கதை எனக்கும் பிடிக்கும், ஆனா பிடிச்ச கதையிலதான் நாம கண்ண மூடிக்கறோம். அது ஒரே ஒரு கூட்டம். விபத்துல நடந்தது, யாரும் திட்டம் போட்டுச் செஞ்ச சோதனை இல்ல. ஆண் பாதி செத்துட்டா பெட்டை விகிதம் கூடும், சண்டைக்குக் காரணமே குறையும், அது ஒரு விளக்கமா இருக்கலாம் இல்லையா? கலாச்சாரம்னு சொல்றதுக்கு முன்னாடி இதையெல்லாம் கழிச்சுப் பாக்கணும்.

சோளக்காடு:
நியாயமான கேள்விதான் விதைநெல். ஒரு கூட்டம்தான், மறுக்கல. ஆனா புதுசா வந்த ஆண்கிட்ட அந்தப் பெட்டைங்க நடந்துக்கிட்ட விதத்தப் பாருங்க, மத்த கூட்டத்துல அவன பக்கத்துல சேக்கவே ரொம்ப நாள் எடுத்துக்கும், இங்க சீக்கிரமே பேன் பாக்க ஆரம்பிச்சிடறாங்க. வந்தவன் அடி வாங்காம உள்ள நுழையறான், அதனால அவனும் அடிக்கற ஆளா மாறல. இதுக்கு எண்ணிக்கை மட்டும் காரணம்னு என்னால ஏத்துக்க முடியல.

மலைக்காத்து:
ஒரே கூட்டம்னு விதைநெல் சொல்றதாலதான் நான் திட்டம் போட்டுச் செஞ்ச சோதனைக்கு வர்றேன். ஜென்னி டங் குழு, அட்லான்டா பக்கம் யெர்க்ஸ் ஆய்வு மையம், ரீசஸ் குரங்கு, எல்லாம் பெட்டை. ஒவ்வொரு குரங்கா கூட்டத்துல விடறாங்க, முதல்ல விட்டது மேல போகும், கடைசியா விட்டது கீழ போகும், அதாவது ரேங்க்க ஆராய்ச்சியாளரே கையில எடுத்துட்டாங்க. ரத்த அணுவுல எந்த ஜீன் எவ்வளவு வேல செய்யுதுன்னு பாத்தா ரேங்க்குக்கு ஏத்த மாதிரி மாறியிருக்கு, ஜீன் டேட்டாவ மட்டும் வெச்சு 80 சதவீதம் சரியா ரேங்க்கச் சொல்ல முடிஞ்சுது. 2016-ல 45 குரங்கோட இன்னொண்ணு, ஒரு வருஷம் கழிச்சுக் கலைச்சு வேற கூட்டத்துல போட்டு ரேங்க்க மாத்தினாங்க, உடம்பும் கூடவே மாறிச்சு. பிறவிக் குணம்னா இப்படி மாறுமா? ரேங்க்தான் காரணம்னு இதவிட எப்படி நிரூபிக்கறது?

லதா_கோழிக்கூடு:
தம்பி, அது அடைச்சு வெச்ச குரங்கு. காட்டுல அடி தாங்கலன்னா எழுந்து தள்ளிப் போயிடலாம், மரத்துக்குப் பின்னாடி ஒதுங்கலாம், அங்க எங்க போகும்? அதுலயும் முன்ன பின்ன அறிமுகம் இல்லாத பெட்டைங்கள ஒண்ணாப் போட்டிருக்காங்க, அம்மா இல்ல, அக்கா தங்கச்சி இல்ல. ரீசஸ் பெட்டைக்குக் காட்டுல ரேங்க்கே அம்மா வழியாத்தான் வருது, உறவு பூரா கூடவே நிக்கும். அதையெல்லாம் உருவிட்டு மிச்சத்த ரேங்க்னு சொல்றது எனக்கு ஒப்பல.

போட்ஸ்வானாவுல ஒகவாங்கோ பபூன் பத்தி டோரதி செனி, ராபர்ட் செய்ஃபார்த் குழுவோட வேலையப் படிச்சுப் பாருங்க. சிறுத்தையோ சிங்கமோ அடிச்சு மகளோ தங்கச்சியோ செத்துப் போன பெட்டைக்கு ஒரு மாசம் போல ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறிக் கிடக்கு. அதே சாவப் பக்கத்துல இருந்து பாத்த, உறவு இல்லாத பெட்டைக்கு அப்படி ஏறல. பயம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், இழப்பு ஒருத்திக்குத்தான். அப்புறம் அவ என்ன பண்றான்னா, புதுசா வேற பெட்டைங்ககிட்ட போய் பேன் பாக்க ஆரம்பிக்கறா, ஆள் எண்ணிக்கையக் கூட்டிக்கறா, ஹார்மோனும் பழைய நிலைக்கு வந்துடுது. இத நான் படிச்ச அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. எங்க அம்மா போனப்ப அத்தை தினமும் வந்து தலை வாரிவிட்டுப் போவாங்க.

விதைநெல்:
லதாக்கா சொன்னது என்னையும் உலுக்குது. ஆனா ஒரு எச்சரிக்கை, ரெண்டும் ஒண்ணா நடந்துச்சுங்கறதால பேன் பாத்ததாலதான் இறங்குச்சுன்னு ஆயிடாது, நாள் ஆனாலே தானா இறங்கியிருக்கலாம்.

குறிஞ்சி_நிலா:
தென்னாப்பிரிக்கா பிலானஸ்பர்க் சரணாலய யானைய யாரும் சொல்லலையே? பெரிய யானைங்கள சுட்டுட்டு அனாதைக் குட்டிங்கள மட்டும் அங்க கொண்டு போய் விட்டாங்க, அதுல ஆணுங்களுக்கு வயசுக்கு முன்னாடியே மதம் பிடிச்சு 1990-கள்ல 40-க்கு மேல வெள்ளைக் காண்டாமிருகத்தக் கொன்னுச்சு. 1998-ல அதே நாட்டு க்ரூகர் தேசியப் பூங்காவுல இருந்து 6 பெரிய ஆண் யானையக் கொண்டு வந்து விட்டதும் சின்னதுங்களுக்கு மதம் அடங்கி கொலையும் நின்னுடுச்சு.

மலைக்காத்து:
நல்ல உதாரணம், ஆனா மதத்துல ஏறுறது டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன், நாம பேசறது கார்டிசால், குழப்பிக்க வேணாம். அதோட அதுல பெரியவன் ஒருத்தன் மேல நின்னதாலதானே அடங்குச்சு? அது என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லுது.

லதாக்காவுக்கு: அடைச்சு வெச்சதுன்னு சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல, யோசிக்கணும். ரேங்க் தானா மட்டும் வேல செய்யல, எந்தக் கூட்டம்ங்கறதப் பொறுத்துத்தான்னு மாத்திக்கறேன். ஆனா ரேங்க் ஒண்ணுமே இல்லன்னு சோளக்காடு சொன்னா கடைசி வரைக்கும் சண்ட போடுவேன்.

சோளக்காடு:
நான் எங்க அப்படிச் சொன்னேன்? காட்டுக் கூட்டத்துலயும் ரேங்க் இருந்துச்சுன்னு நான்தானே எழுதினேன், மேல போய் இன்னொரு தடவ படிங்க. கடைசி ஆள கூட்டம் எப்படி நடத்துதுங்கறதுதான் என் கேள்வி.

லதாக்கா, அந்தப் புதுப் பெட்டைங்க என்னாச்சு?

லதா_கோழிக்கூடு:
தனியா எடுத்து வலைக்கு அந்தப் பக்கம் பத்து நாள் வெச்சேன், ஒண்ண ஒண்ணு பாத்துப் பழகட்டும்னு. அப்புறம் ஒரு ராத்திரி எல்லாம் அடைஞ்ச பிறகு ரெண்டையும் சேர்த்தே உள்ள விட்டேன். இப்ப வரிசையில கடைசி ரெண்டும் அதுங்கதான், ஆனா ஒண்ண ஒண்ணு ஒட்டிப் படுத்துக்குது, ரெண்டும் முட்ட வெக்குது.