இறக்கக்கண்டிக் களப்பில் ஒரு பங்குனிக் காலை

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் நிலாவெளியைக் கடந்து செல்பவர்கள், இறக்கக்கண்டிப் பாலத்தை அநேகமாக நிற்காமலே தாண்டிவிடுகிறார்கள். அந்தப் பாலத்துக்கு மேற்கே விரிந்து கிடக்கும் பெரியகரைச்சிக் களப்பில், மாசி கடைசி முதல் சித்திரைப் புத்தாண்டு வரையுள்ள காலைகளைக் கழிப்பது சில ஆண்டுகளாக என் வழக்கம். மாரி மழையில் நிரம்பிய நீர் அந்த மாதங்களில் வற்றத் தொடங்கி, சேற்றுத் திட்டுகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். கடல் நமக்குப் பின்னால் இருப்பதால், ஆறு மணிக்கு எழும் சூரியனின் ஒளி நம் தோளைத் தாண்டி நேரே பறவைகள் மீது விழுகிறது. மேற்குக் கரையோரங்களில் படமெடுப்பவர்கள் மாலைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்க, எங்களுக்கு அந்த ஒளி விடியலிலேயே கிடைத்துவிடுகிறது. ஒன்பது மணிக்குப் பிறகு சேற்றிலிருந்து கானல் எழுந்து ஆடத் தொடங்கிவிடும். எத்தனை விலையுயர்ந்த லென்ஸ் இருந்தாலும் படம் தெளிவாக வராது.

பங்குனி மாதத்தை நான் விரும்புவதற்குக் காரணம் நிறம். புரட்டாசி, ஐப்பசியில் வந்திறங்கும் மணல் உப்புக்கொத்திகள் என்ற சிறு கரைப்பறவைகள் மாரி முழுவதும் சேற்றின் சாம்பல் நிறத்திலேயே திரிகின்றன. பங்குனி பிறந்ததும் அவற்றின் மார்பில் முதலில் நான்கைந்து செம்பழுப்பு இறகுகள் தோன்றும். இரண்டு, மூன்று வாரங்களில் அவை சேர்ந்து ஒரு பட்டையாகிவிடும். வளைந்த அலகுடைய உள்ளான் ஒன்று பாதி சாம்பலும் பாதி செங்கல் நிறமுமாக, ஒட்டுப்போட்ட சட்டை அணிந்ததுபோல நிற்பதைக் காணக் கிடைப்பதும் இந்தச் சில நாட்களில்தான். நிறம் முழுமை பெறும் வேளையில் அவை புறப்பட்டுவிடும். உப்புக்கொத்தி திபெத்தியப் பீடபூமிப் பக்கமாகவும், உள்ளான் சைபீரியாவின் வட கோடிக்கும் செல்கின்றன. இத்தகைய கரைப்பறவைகள் நெடும் பயணத்துக்கு முன் தம் வழக்கமான எடையில் பாதியளவுக்குக்கூடக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளக்கூடியவை. ஆகவே அந்த வாரங்களில் அவை விடாமல் குனிந்து கொத்திக்கொண்டே இருக்கின்றன. நாம் நெருங்கி ஒருமுறை கூட்டத்தைக் கிளப்பினால், அவை சேர்த்ததில் ஒரு பங்கு வீணாகிறது.

இதைத் தொடக்கத்தில் நான் அறிந்திருக்கவில்லை. முதல் ஆண்டு பறவைகளைத் துரத்தித் துரத்திப் படமெடுத்தேன். கிடைத்தவை எல்லாம் பறந்து செல்லும் முதுகுகளே. பின்னர், விடியுமுன் சென்று சேற்றோரத்தில் ஒரு சாக்கை விரித்து, வயிறு படியப் படுத்து, கமராவைத் தரையோடு வைத்துக் காத்திருக்கப் பழகினேன். அரை மணி நேரம் அசையாமல் கிடந்தால் நம்மை ஒரு மரக்கட்டையாக எண்ணி அவை தாமாகவே அருகில் வருகின்றன. பறவையின் கண்மட்டத்திலிருந்து எடுத்த படத்தில் பின்புலச் சேறு கரைந்துவிட, அலகின் நுனியில் தொங்கும் நீர்த்துளிகூடத் தெரியும். 400 மி.மீ. லென்ஸும், நொடியில் 2000இல் ஒரு பங்கு வேகமும் எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன. அதற்கு மேல் தேவைப்படுவது பொறுமை மட்டுமே என்பது என் அனுபவம்.

இந்த ஆண்டு பங்குனி நடுப்பகுதியில் அப்படி ஒரு காலையில், படுப்பதற்கு இடம் தேடிக் கரையின் காய்ந்த பகுதியில் நடந்துகொண்டிருந்தேன். வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வயதான மீனவர் ஒருவர் கையை உயர்த்தி, "தம்பி, கால் வைக்கிற இடத்தைப் பார்த்து வையுங்கோ. அதில முட்டை கிடக்குது" என்றார். நின்று பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. "எதில ஐயா?" என்று கேட்டதற்கு, அவர் வலையின் ஈயக்குண்டு ஒன்றால் சுட்டிக் காட்டினார். என் செருப்பிலிருந்து இரண்டு சாண் தூரத்தில், ஒரு மாட்டுக் குளம்படி அளவு பள்ளத்தில், உடைந்த சிப்பித் துண்டுகளுக்கு நடுவே, மணல் நிறத்தில் கறுப்புக் கிறுக்கல்களோடு மூன்று முட்டைகள் இருந்தன. அவர் சுட்டிய பிறகும் கண்ணை எடுத்தால் மீண்டும் தேட வேண்டியிருந்தது.

நாங்கள் இருவரும் நன்றாகப் பின்வாங்கி அமர்ந்தோம். சில நிமிடங்களில் ஒரு சிறு பறவை ஓடி ஓடி நின்று, சுற்றி வந்து, முட்டைகள் மேல் நின்றது. அமரவில்லை, வெயில் ஏறிவிட்டதால், கால்களை அகற்றி இறகுகளைச் சற்று விரித்துத் தன் உடலின் நிழலை முட்டைகள் மேல் விழச் செய்தது. அது எங்கும் போகாத, நம் கரையிலேயே வாழும் அனுமன் உப்புக்கொத்தி. வடக்கிலிருந்து வரும் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு வகையாகவே இதை நெடுங்காலம் கணக்கிட்டு வந்தார்கள்; மரபணு ஆய்வுக்குப் பின் 2023இல்தான் இது தனி இனம் என்று நிறுவப்பட்டது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்வதால், இரு கரைகளையும் இணைக்கும் அணை கட்டிய அனுமனின் பெயரை இதற்கு இட்டார்கள். மன்னார்க் கரைக்கே உரிய பறவை என்று எண்ணியிருந்த எனக்கு, அது எங்கள் களப்பில் என் காலடியில் இருந்தது பெரும் மகிழ்ச்சியும் அச்சமுமாக இருந்தது. அந்தக் காலை நான் கூட்டைப் படமெடுக்கவில்லை. மனிதன் நின்ற இடத்தைக் காகங்கள் கவனித்து வைத்திருக்கும் என்று அந்த ஐயா சொன்னது சரியென்றே பட்டது.

நன்னீர்ப் பறவைகளை நாடுபவர்கள் இதே பருவத்தில் கந்தளாய்க் குளத்துக்குச் செல்லலாம். தாமரை இலைகள் மீது நடக்கும் நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீண்ட வால் இனப்பெருக்க காலத்தில்தான் வளரும். முட்டையை அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் ஆண் பறவையே. அணைக்கட்டில் நின்றே நல்ல படங்கள் எடுக்கலாம்.

புத்தாண்டு கழிந்த வாரம் களப்புக்குத் திரும்பிச் சென்றேன். வடக்கே போகும் பறவைகளில் பெரும்பாலானவை போய்விட்டிருந்தன. காய்ந்த கரையில் ஏதோ ஒரு வாகனம் வட்டமடித்துச் சென்ற சக்கரத் தடங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. அவற்றில் ஒன்று கூடு இருந்த இடத்துக்கு ஒரு முழத்துக்குள் சென்றிருந்ததைக் கண்டு உடல் பதறியது. பள்ளம் வெறுமையாக இருந்தது. இந்த இனத்தின் குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்தில் கூட்டை விட்டு ஓடிவிடும் என்பதால், வெறுமையை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அப்போது சற்றுத் தள்ளித் தாய்ப்பறவை ஒரு சிறகை முறிந்ததுபோல் இழுத்துக்கொண்டு என் முன்னே ஓடியது. முட்டையோ குஞ்சுகளோ அருகில் இருக்கும்போதுதான் அது அப்படி நடிக்கும். உடனே வந்த வழியே வீதியோரம் வரை பின்வாங்கி, அங்கிருந்து ஒரேயொரு படம் எடுத்துக்கொண்டேன்.

படத்தில் பெரும்பாலும் சேறும் வானமுமே இருக்கின்றன. பார்ப்பவர்கள் எல்லோரும் பறவை எங்கே என்று கேட்கிறார்கள். இடப்பக்கக் கீழ் மூலையில் ஒரு வெள்ளைச் சிப்பி கிடக்கிறது. அதன் நிழலில், சிப்பியைவிடச் சிறிதாக, குஞ்சு ஒன்று தரையோடு ஒட்டிப் படுத்திருக்கிறது.