வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைச் சந்திக்கும் ஊழியருக்கு உண்மையில் எது உதவும்?

துணைத்தலைமை எழுதியது:

வணக்கம். ஒரு பள்ளியில் துணைத் தலைமையாசிரியையாக இருக்கிறேன். குடும்பங்களோடு பேசும் நான்கு பேரின் வேலையை மேற்பார்வை செய்வதும் என் பொறுப்பு. பிள்ளை பல நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போய் விசாரிப்பார்கள். பெற்றோர் பிரிந்திருந்தால் இருவரிடமும் தனித்தனியாகப் பேசுவார்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் குழந்தைகள் நல அதிகாரிகளுக்குத் தகவல் கொடுப்பதும் இவர்கள்தான்.

நான்கு பேரில் ஒருவரைப் பற்றித்தான் கேட்கிறேன். ஆறு வருடமாக எங்களோடு இருக்கிறார். ஒரு வீட்டுக்குப் போய்வந்தால் அவருடைய குறிப்பு ஒரு பக்கத்துக்குக் குறையாது. கதவைத் திறக்க எவ்வளவு நேரமானது, பிள்ளை எந்த அறையில் இருந்தான், யார் பேசும்போது அவன் தலையைக் குனிந்துகொண்டான் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்தே பல பிள்ளைகளைப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

போன மாதக் கோப்பைப் புரட்டினேன். "சந்தித்தேன். பேசினேன். அனுப்புவதாகச் சொன்னார்கள்." ஐந்து வீட்டுக்கும் இதே மூன்று வரிதான்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது, மறுநாள் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றிருந்தேன். அன்று சாயங்காலம் வண்டி நிறுத்தும் இடத்தில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். மறந்துவிட்ட சாவியை எடுக்க மேலே போய், இருபது நிமிடம் கழித்துத் திரும்பினேன். அப்போதும் அப்படியேதான் இருந்தார். மடியில் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. "வீட்டுக்குப் போனா பசங்க ஏதாவது கேப்பாங்க மேடம், பதில் சொல்லத் தெம்பில்லை" என்றார்.

நிர்வாகத்திடம் பேசினேன். ஒரு விடுமுறை நாளில் எல்லாருக்கும் மூச்சுப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். நல்ல மனதோடு செய்ததுதான், ஆனால் அவர் ஓய்வெடுக்க வேண்டிய ஒரு நாள் அதில் போய்விட்டது. இவரை இழக்க எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

நடந்தேகடந்தவள் எழுதியது:

பதினேழு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன் மேடம். அவரைக் கண்டிக்காமல் விட்டீர்களே, அதற்கே நன்றி. எனக்கும் குறிப்பு அப்படிச் சுருங்கியது. எழுத உட்கார்ந்தால் அந்த வீடு மறுபடி கண் முன்னே வரும், அதனால் கை தானாகவே நின்றுவிடும்.

ஒரு வீட்டில், நான் அம்மாவிடம் பேசி முடிக்கும் வரை, ஏழு வயதுப் பையன் ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். கிளம்பும்போதுதான் எனக்கு உறைத்தது, என்னோடு வந்துவிடலாம் என்று நின்றிருக்கிறான். நான் அதைக் குறிப்பில் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. எட்டு மாதம் கழித்துத்தான் சொன்னேன்.

அப்படிச் சொல்ல ஓர் இடம் கிடைத்ததுதான் என்னைக் காப்பாற்றியது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வேலை நேரத்திலேயே ஒரு மணி நேரம், பள்ளிக்கு வெளியே இருந்து வரும் அனுபவமுள்ள ஒரு சமூகப் பணியாளரோடு உட்காருவேன். என் சம்பளத்திலோ பதவியிலோ அவருக்கு எந்தப் பேச்சும் கிடையாது. அதனால் "அந்த வீட்டுக்கு இனி போக எனக்குப் பயம்" என்று சொல்ல முடிந்தது. மேலதிகாரி எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அவரிடம் அதைச் சொல்ல வாய் வராது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களிடமும் வராது. மனநல ஆலோசகர்களுக்கு இப்படி ஓர் ஏற்பாடு தொழிலின் ஒரு பகுதி. அதே மாதிரிக் கதைகளைக் கேட்கும் நமக்குப் பல பள்ளிகளில் யாரும் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

இன்னொன்று. பிள்ளைக்கு ஆபத்து என்று அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்த பிறகு, அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. ரகசியம் காக்க வேண்டும், சரி. ஆனால் "பத்திரமாக இருக்கிறான்" என்ற ஒரு வரியாவது கேட்டு வாங்கிச் சொல்லுங்கள். முடிவு தெரியாத பிள்ளைகள்தான் ராத்திரியில் வந்து நிற்பார்கள்.

வேலை முறையையும் பாருங்கள். கஷ்டமான இரண்டு வீடுகளை ஒரே நாளில் அடுத்தடுத்துப் போட வேண்டாம். முதல் முறை போகும் வீட்டுக்கு இருவராகப் போகட்டும். சொந்த எண்ணைப் பெற்றோருக்குக் கொடுக்கவே கூடாது. மாலைக்குப் பின் வரும் அவசர அழைப்பை முறை வைத்து எடுங்கள்.

பள்ளிஉளவியலாளர் எழுதியது:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன்.

வேலைச் சோர்வு வேறு, அடுத்தவர் துயரத்தைக் கேட்டுக் கேட்டு வரும் பாதிப்பு வேறு. முதலாவதைப் பற்றி 1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் எழுதினார். இலவச மருத்துவமனை ஒன்றில் அவரோடு உழைத்தவர்களிடம் கண்டதை வைத்து எழுதியது அது. பிறகு கிறிஸ்டினா மஸ்லாக் என்ற உளவியலாளர் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: தெம்பு வற்றிப்போவது, மனிதர்களிடமிருந்து விலகிப்போவது, தன் வேலையால் பயனில்லை என்று தோன்றுவது. அந்த மூன்று வரிக் குறிப்பில் எனக்குத் தெரிவது இவற்றில் இரண்டாவது அடையாளம். நேற்று வரை தலை குனிந்த பிள்ளையைக் கவனித்தவர் இன்று கவனிக்காமல் தன்னைக் காத்துக்கொள்கிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இந்த வேலைச் சோர்வைத் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் விளக்கியபோது, அதை நோயாகச் சேர்க்கவில்லை, வேலையிடத்தோடு சேர்ந்த ஒன்றாகவே குறித்தது. நிர்வாகத்திடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். வேலையின் அமைப்பை மாற்றாமல் ஆளுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாது.

அடுத்தவர் துயரத்தைக் கேட்டு வரும் பாதிப்பை இரக்கச் சோர்வு என்பார்கள். அதற்குத்தான் முந்தைய பதிலில் சொன்ன ஒரு மணி நேரம். ஆனால் கட்டாயப்படுத்த வேண்டாம். பெரிய அதிர்ச்சி நடந்ததும் எல்லாரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் நடந்ததை முழுக்கச் சொல்ல வைக்கும் முறை ஒன்று உண்டு. அது பிற்பாடு வரும் மனப் பாதிப்பைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சிலருக்குக் கெடுதலாகவும் முடிந்திருக்கிறது. அப்படி ஏதாவது நடந்தால் அன்றைக்கு அவரை வீட்டில் கொண்டு விடுங்கள், சாப்பிட்டாரா என்று கேளுங்கள், பேச வந்தால் கேளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, பார்த்த காட்சி திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

முன்மேசை எழுதியது:

நான் பள்ளி அலுவலகத்தில் இருக்கிறேன். பதவிப் பெயரில் "குடும்பம்" என்ற சொல் கிடையாது. ஆனால் கோபத்தோடு வரும் அப்பா முதலில் கத்துவது என்னிடம்தான். பிள்ளையை யாரோடு அனுப்பக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு என் இழுப்பறையில் இருக்கிறது. அனுப்பக் கூடாதவர் வந்து நின்றால், முகத்தைப் பார்த்து "முடியாது" என்று சொல்ல வேண்டியதும் நான்தான். கை நடுங்கும், அடுத்த நிமிடம் அடுத்தவருக்குச் சான்றிதழ் அடிக்க வேண்டும். அப்படி ஒன்று நடந்தால் பத்து நிமிடம் என் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்தாலே போதும். மேடம், உங்கள் நான்கு பேர் கணக்கில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துணைத்தலைமை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று அவரோடு உட்கார்ந்தேன். குறிப்பைப் பற்றிக் கேட்கவில்லை, அடுத்த மாத வீடுகளின் பட்டியலை மட்டும் இருவருமாக மாற்றி எழுதினோம். மூன்று வீடுகளுக்கு நானும் கூடப் போகிறேன். மாலை அழைப்புக்கு முதல் முறை என்னுடையது. முன்மேசை சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் அலுவலகத்தில் கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்கள். வெட்கமாக இருந்தது.

வெளியாள் வைக்க நிர்வாகம் சம்மதித்துவிட்டது. ஆனால் அங்கே பேசியதை மாதாமாதம் அறிக்கையாகக் கேட்கிறார்கள். உங்களுக்கு எப்படி இருந்தது?

நடந்தேகடந்தவள் எழுதியது:

அறிக்கை கூடவே கூடாது. எங்களுக்குத் தேதியும் நேரமும் மட்டும்தான் பள்ளிக்குப் போகும். பிள்ளைக்கோ உங்களுக்கோ ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்வேன் என்று அந்தச் சமூகப் பணியாளர் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அதை ஒரு தாளில் எழுதி, நிர்வாகத்தின் கையெழுத்தையும் வாங்கிவிட்டுத்தான் நான் வாயைத் திறந்தேன். நீங்களும் அதை முதலில் வாங்கிவிடுங்கள்.