சிறுவாட்டுப் பணத்தை மனைவி மறைத்து வைத்திருந்தது தவறா?

மாயவரத்தான்:
எனக்கு வயது 52. ஒரு பள்ளியில் அலுவலகப் பணியில் இருக்கிறேன். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். சென்ற மாதம் சுண்ணாம்பு அடிப்பதற்காகப் பீரோவை ஒழித்தபோது, சேலை மடிப்புகளுக்குள் ரூ.1,85,000 ரொக்கமாக இருந்தது. கேட்டதற்கு, "ஏழெட்டு வருடச் சிறுவாடு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். போன வருடம் மாடித் தளம் ஒழுகியபோது அவருடைய நகைகளை அடகு வைத்துத்தான் வேலையை முடித்தோம். அதற்கு இன்றும் வட்டி கட்டி வருகிறேன். கையில் பணத்தை வைத்துக்கொண்டே நகையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் என்னை வருத்துகிறது. நான் குடிப்பவன் அல்லன். சம்பளத்தில் வீட்டுச் செலவுக்குக் குறை வைத்ததும் இல்லை. பெண்கள் ஏன் இப்படிச் சேமிக்கிறார்கள்? இந்தப் பணத்தை நான் என்ன செய்வது?

வைகைக்கரை:
வணக்கம் ஐயா. நான் பதினெட்டு ஆண்டுகளாக மகளிர் குழுக்களில் ஊக்குநராக இருக்கிறேன். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த நகையைக் கழற்றிய கணக்கை அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். அடகு வைத்த நகை குடும்பக் கடனாகிவிடுகிறது. அதை மீட்பது உங்கள் பொறுப்பு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சிறுவாட்டை எடுத்துக் கொடுத்திருந்தால் அது தளத்தோடு கரைந்திருக்கும். அதைத் திருப்பி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. கூடுதல் வட்டியைக் கொடுத்தாவது ஒரு தொகையை உடையாமல் காக்கும் இந்த வழக்கத்தை நான் நூற்றுக்கணக்கான வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது அறியாமை அல்ல.

தையல் கூலி நூறும் இருநூறுமாக வரும். வந்த அன்றே பால், நோட்டுப் புத்தகம், மொய் என்று கேட்பதற்கு ஆள் இருக்கும். 1989இல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது பெண்கள் அவற்றைப் பற்றிக்கொண்டதற்குக் கடன் மட்டும் காரணமன்று. "குழுவுக்குக் கட்ட வேண்டும்" என்று சொன்னால் வீட்டில் எவரும் மறுத்துப் பேச முடியாது. இல்லை என்று சொல்வதற்கு ஒரு மரியாதையான காரணம் அவர்களுக்குக் கிடைத்தது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதற்கு முன்னால் அவர் தம் சேமிப்பை உங்களிடம் சொன்னதுண்டா? சொன்னபோது அந்தப் பணம் என்ன ஆயிற்று?

பொருளியல் ஆசிரியர்:
பெண்களின் இயல்பு என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கென்யாவின் நைரோபியில் உள்ள கிபேரா குடியிருப்பில் நம்முடைய சீட்டைப் போன்ற சேமிப்புக் குழுக்களைச் சிவான் ஆண்டர்சன், ஜான்-மரி பாலாண்டு ஆகிய இருவரும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், சொந்த வருமானம் ஏதும் இல்லாத மனைவியரும், வீட்டு வருமானத்தில் பெரும்பகுதியைத் தாமே ஈட்டுகிறவர்களும் அவ்வளவாகச் சேர்வதில்லை. ஓரளவு சம்பாதித்தும் இறுதி முடிவு தம் கையில் இல்லாதவர்களே அதிகம் சேர்ந்தார்கள். உங்கள் மனைவியின் நிலை ஏறத்தாழ இதுதான்.

இதன் மறுபக்கத்தைப் பிலிப்பைன்ஸில் காணலாம். அங்கே வீட்டுப் பணத்தை மனைவி நிர்வகிப்பது பரவலான வழக்கம். நவா அஷ்ரஃப் அங்கு நடத்தி 2009இல் வெளியிட்ட சோதனையில், மனைவிக்குத் தெரியாது என்னும் நிலையில் தம் சொந்தக் கணக்குக்குப் பணத்தை ஒதுக்கியவர்கள் கணவன்மார்கள். பணத்தின் மீது அதிகாரம் எவரிடம் இல்லையோ அவர் மறைக்கிறார். அது ஆணா பெண்ணா என்பது அடுத்த கேள்விதான். ஆகவே, "என் மனைவி என்னை நம்பவில்லையா" என்று கேட்பதை விட, "எங்கள் வீட்டில் அவர் சொல்லைக் கேட்டு எந்தச் செலவாவது நின்றிருக்கிறதா" என்று கேட்டுப் பார்ப்பது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

வரி ஆலோசகர்:
அந்தப் பணத்தை நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். செய்ய வேண்டியவர் அவர். தையலில் ஈட்டியது முழுக்க அவருடையது. கணவர் மனைவிக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் தொகையிலிருந்து வரும் வட்டி கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும் என்றாலும், வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் அவர் மிச்சம் பிடித்தது இதற்கு விதிவிலக்காகவே கருதப்பட்டு வந்திருக்கிறது. கணவர் சவூதி அரேபியாவிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கில், இல்லத்தரசியின் உழைப்பும் பங்களிப்பே, அதனால் அவருக்குச் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் மெல்ல இந்தத் திசையில் நகர்கிறது.

ரொக்கமாகவே வைத்திருந்தால் விலைவாசி அதைத் தின்றுவிடும் என்பது உண்மை. அவர் விரும்பினால் அவர் பெயரில் மட்டும் வங்கியிலோ அஞ்சலகத்திலோ கணக்குத் தொடங்கட்டும். கூட்டுக் கணக்கு வேண்டாம். வங்கி வைப்புக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. பதிவு பெறாத ஏலச்சீட்டில் மட்டும் போட்டுவிட வேண்டாம்.

மாயவரத்தான்:
வைகைக்கரை அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் எழுத எனக்கு மூன்று நாட்கள் ஆயின. சொன்னதுண்டு. 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, மிளகாய் டப்பாவிலிருந்தும் தலையணை உறையிலிருந்தும் ரூ.62,000 எடுத்து என்னிடம் கொடுத்தார். என் கணக்கில் கட்டினேன். வண்டித் தவணைக்கும் தம்பியின் கல்யாணத்துக்கும் அது போயிற்று. நான் திருப்பித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. பீரோவில் இருந்தது அதற்குப் பிறகு சேர்ந்த பணம் என்பது இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

நேற்று அவரிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அது அறுபத்திரண்டு இல்லை, அறுபத்து மூன்று" என்றார். திங்கட்கிழமை அவர் பெயரில் கணக்குத் தொடங்கப் போகிறோம், அந்த ரூ.63,000ஐ மாதத் தவணையாக அதில் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். பீரோவில் இருப்பது அங்கேயே இருக்கட்டும் என்கிறார். சரி என்றேன்.