துருவப் பனி பத்திகளில் 'தவறு', 'குறிப்பிடப்படவில்லை' குழப்பம்

அடுத்த மாதம் ஐஇஎல்டிஎஸ் (IELTS) அகாடமிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு. வாசிப்புப் பயிற்சியில் துருவப் பருவநிலை மாற்றம் பற்றிய பத்தி வந்தாலே, தரப்படும் கூற்றைப் பத்தியின்படி 'சரி', 'தவறு', 'குறிப்பிடப்படவில்லை' என வகைப்படுத்தும் வினாக்களில் கடைசி இரண்டுக்கும் நடுவே திணறுகிறேன். மற்ற வினாக்களில் சிக்கல் இல்லை.

நேற்றைய பத்தி: கடல்பனி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அது உருகினால் இருண்ட கடல்நீர் வெப்பத்தை உறிஞ்சி, மேலும் பனியை உருக்குகிறது. கூற்று: 'ஆர்க்டிக் வெப்பமடைய இதுவே முதன்மைக் காரணம்.' விடைக்குறிப்பில் உள்ள சரியான விடை 'குறிப்பிடப்படவில்லை'. பசுமை இல்ல வாயுக்கள் பற்றிப் படித்தது குறுக்கே வந்து, எனக்குத் 'தவறு' என்றே படுகிறது.

முக்கியச் சொற்களை அடிக்கோடிட்டேன், வினாக்களை முதலில் படித்தேன், நேரம் பார்க்காமலும் செய்தேன், பலனில்லை. 60 நிமிடத்தில் 40 வினாக்கள், ஒன்றிலேயே தங்கவும் முடியாது.

பத்தி ஒரு கூற்றை மறுக்கிறதா, பேசாமல் விடுகிறதா என்பதை விரைவாகப் பிரித்தறிய நீங்கள் எந்த முறையைக் கையாண்டீர்கள்?