ரெட்டைப் புள்ள, ஸ்கேன் ரிப்போர்ட்ல நச்சுக்கொடி பத்தி ஒண்ணுமே இல்ல

வண்ணாரப்பேட்டை அக்கா:
என் தங்கச்சிக்கு 12 வாரம் ஆவுது, ரெட்டைன்னு போன வாரம்தான் தெரிஞ்சுது. ஒட்டுன வாழப்பழம் துன்னிருப்பான்னு ஆயா ஊரெல்லாம் சொல்லிகினு இருக்குது, வீட்ல ஒரே சந்தோஷம். ஆனா ரிப்போர்ட்ல ட்வின்ஸ்னு மட்டும்தான் போட்டிருக்கு, ஸ்கேன் சென்டர்ல கேட்டா எல்லாம் நல்லாருக்கு, அஞ்சாம் மாசம் வாங்கன்னு அனுப்பிட்டாங்க. ரத்த அளவு (ஹீமோகுளோபின்) வேற 9.2தான். அதுவரைக்கும் விடலாமா? எனக்கு தூக்கமே வரல.

காசிமேடு ரெட்டையம்மா:
விடாதம்மா. நச்சுக்கொடி ஒண்ணா ரெண்டான்னு மொதல்ல கேளு, 14 வாரத்துக்குள்ள பாத்தாதான் தெளிவா தெரியும். எனக்கு ஒரே நச்சுக்கொடி, தண்ணிப்பை மட்டும் தனித்தனி, எம்சிடிஏன்னு எழுதுவாங்க. அதுல ஒரு புள்ளையோட ரத்தம் இன்னொண்ணுக்குப் போயிடலாம், நூத்துல 10, 15 பேருக்கு ஆவுதாம், அதனால 16 வாரத்துலேர்ந்து 2 வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்கேன். எனக்கு 20வது வாரம் டாக்டரம்மா பேசிகினே பாத்துட்டு இருந்தவங்க திடீர்னு பேச்ச நிறுத்திட்டாங்க, ஒரே எடத்துல கருவிய வெச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க, வயித்துல ஜெல்லே காஞ்சு போச்சு. ஒரு புள்ளைய சுத்தி தண்ணி கம்மியாம். அப்புறம் வாராவாரம் ஸ்கேன், முத்திப்போனா லேசர் பண்ணணும்னாங்க, நல்லவேள அதுவரைக்கும் போகல. 35 வாரத்துல ஆபரேஷன், ஒண்ணு 2.1 கிலோ, இன்னொண்ணு 1.7. அந்த ஒரு ஸ்கேன தள்ளிப் போட்டிருந்தா என்னாயிருக்கும்னு இப்ப நெனச்சாலும் கை நடுங்குது.

நைட் டியூட்டி:
பிரசவ வார்டு நர்ஸ் நான். மேல ரெட்டையம்மா சொன்னது அத்தனையும் சரி. நச்சுக்கொடி ரெண்டுன்னா 4 வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்கேன் போதும். 9.2 ரெட்டைக்குப் பத்தாது, இரும்பு மாத்திரைய டீயோட போடவே கூடாது, ஏறலன்னா டிரிப்ஸ்ல ஊசியா ஏத்துவாங்க. பிபி ரெட்டைல சீக்கிரம் ஏறும், ஆஸ்பிரின் வேணுமான்னு டாக்டர்கிட்ட இப்பவே கேளுங்க, நீங்களா வாங்கிப் போடாதீங்க. தலவலி, கண்ணு மங்கல், மூஞ்சி வீக்கம், தண்ணி ஒழுகறது, வயிறு விட்டு விட்டு இறுக்கறது, எது வந்தாலும் விடியட்டும்னு இருக்காதீங்க, 108க்கு போன் போடுங்க. பாதிக்கு மேல ரெட்டைங்க 37 வாரத்துக்கு முன்னாடியே பொறந்துடும், அதனால பச்சக்கொழந்த ஐசியு இருக்கற எடமா பாருங்க. நம்ம ஆர்.எஸ்.ஆர்.எம் பிரசவ ஆஸ்பத்திரி கிட்டத்துலதான இருக்கு, ஸ்டான்லி மெடிக்கல் காலேஜோட சேர்ந்தது. கர்ப்பத்தப் பதிவு பண்ணிக் குடுக்கற பிக்மி நம்பர் வாங்கியாச்சா?

வண்ணாரப்பேட்டை அக்கா:
வாங்கியாச்சு சிஸ்டர். நாளைக்குக் காலைலயே ஓபிக்குக் கூட்டிகினு போறேன், பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கறேன். நச்சுக்கொடி எத்தினின்னு தெரிஞ்சதும் வந்து சொல்றேன்.