பதிவேட்டில் பவுலுஸ், வீட்டில் சின்னப்பன்: உங்களுக்கும் நடந்ததா?

வைகைக்கரை:
தாத்தா சின்னப்பனின் ஞானஸ்நானச் சான்றுக்காகப் பங்குக் கோயிலுக்குப் போனோம். பழைய பதிவேடு முழுக்க லத்தீன். சின்னப்பன் என்று யாருமே இல்லை. அப்பா கிளம்பலாம் என்றுவிட்டார். வயதான உபதேசியார் மட்டும் ஒரு வரியில் விரலை வைத்து "இதோ, பவுலுஸ்" என்றார். பக்கத்தில் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி பெயர்கள். அப்பா அந்த வரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர். அதனால்தான் புனித பவுல் கத்தோலிக்கரான நமக்குச் சின்னப்பர். ஆனால் சான்றை வாங்கிப் பார்த்த அலுவலகத்தில் "இவர் வேற ஆள்" என்று திருப்பிவிட்டார்கள். இன்னும் ஆறவில்லை.

மாதாகோயில் தெரு:
2005 ஏப்ரல். போப் ஜான் பால் மறைந்தார் என்று டிவியில் ஓடுகிறது. பாட்டி கேட்டது: "நம்ம அருள் சின்னப்பருக்கு ஒண்ணும் ஆகலையே?" இருவரும் ஒருவரே என்று சொன்னதும் ஜெபமாலையைத் தேடிய அந்தக் கை கண்ணிலேயே நிற்கிறது.

பொருநை:
வைகைக்கரை, எல்லாச் சின்னப்பனும் பவுல் இல்லை. பி. யு. சின்னப்பா, சாண்டோ சின்னப்பா தேவர் எல்லாம் கிறிஸ்தவர்களா என்ன? எங்கள் புராட்டஸ்டன்ட் சபையில் எப்போதுமே பவுல்தான். இன்னொன்று, தமஸ்கு வழியில் இயேசுவைக் கண்டதும் சவுல் பவுலாகப் பெயர் மாறினார் என்று ஞாயிறு பள்ளியில் ஒரு அக்கா சொல்ல, ஒரு பையன் எழுந்து "வசனம் எங்கே?" என்றான். வகுப்பே அமைதி. வசனமே கிடையாது. அப்போஸ்தலர் 13:9, சீப்புரு (சைப்ரஸ்) தீவில், "பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்" என்கிறது. சவுல் எபிரேயப் பெயர், பவுல் ரோமப் பெயர். பிறப்பிலேயே ரோமக் குடியுரிமை உள்ளவர். அவருக்கு முன்பே ரோமில் அது பெரிய வீட்டுப் பெயர். கி.மு. 216இல் கன்னே போரில் மாண்ட தளபதி எமிலியுஸ் பவுலுஸ்.

கடலோரம்:
என் தம்பி பெயர் பால். பள்ளியில் "பால் பாக்கெட்" என்றே கூப்பிட்டு அழவைத்தார்கள். பெயர் வைக்கப் போகிறவர்கள் தமிழில் பவுல் என்றே எழுதுங்கள். பிறப்புச் சான்று, ஆதார், பத்தாம் வகுப்புச் சான்று மூன்றிலும் ஒரே எழுத்து இருக்கட்டும். பங்கில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் வேண்டாம். ஏற்கெனவே மாறியிருந்தால் அரசிதழில் போட்டுவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

வைகைக்கரை:
கடலோரம், தாத்தா இறந்தாயிற்று, அரசிதழில் யார் போடுவது? பொருநை, நான் எங்கள் ஊர்ச் சின்னப்பன்களைத்தான் சொன்னேன். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று பங்குத்தந்தை கடிதம் தருகிறார். அப்படிக் கடிதம் கொடுத்து வேலை முடிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பெத்ருஸ் (பேதுரு) என்று பதிவான இராயப்பன் வீட்டாரும்தான்.