காட்டில் தங்கும் முதல் பயணம்: பை 17 கிலோ, சரியா?

கேள்வி
காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும் டிரெக்கிங் எனக்குப் பழக்கம்தான். இப்போது நானும் ஒரு நண்பரும் டென்ட், சாப்பாடு எல்லாவற்றையும் நாங்களே சுமந்துபோய்க் காட்டில் மூன்று இரவு தங்கலாம் என்று இருக்கிறோம். தினமும் 20 கி.மீ. நடப்பதாகத் திட்டம். என் எடை 62 கிலோ, பை இப்போதே 17 கிலோ வந்துவிட்டது. இது அதிகமா? அப்புறம், ஓடைத் தண்ணீரை நம்பலாமா, இல்லை மொத்தமாகச் சுமந்துதான் போக வேண்டுமா?

பதில் 1
அதிகம்தான். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் பை இருக்கட்டும் என்பார்கள், உங்களுக்கு அது 12 கிலோ சொச்சம். எல்லாவற்றையும் தரையில் பரப்பி வையுங்கள், "ஒருவேளை தேவைப்பட்டால்" என்று எடுத்ததை எல்லாம் ஒதுக்குங்கள் (மழைக்கோட்டும் முதலுதவியும் மட்டும் விதிவிலக்கு). டென்ட், அடுப்பு, பாத்திரம் மூன்றும் இருவருக்கும் ஒன்று போதும், பிரித்துச் சுமக்கலாம். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிக் கட்டுங்கள், சுமையில் பெரும்பங்கு அங்கேதான் இறங்க வேண்டும், தோளில் அல்ல.

ஆனால் எடையைவிட அந்த 20 கி.மீ.தான் எனக்குக் கவலை. 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 900 மீட்டர் ஏற்றம் உள்ள 20 கி.மீ. என்றால் ஐந்தரை மணி நேரம். இதில் ஓய்வும் கிடையாது, முதுகுச் சுமையும் சேராது, அதனால் நிஜத்தில் எட்டு மணி நேரம்கூட ஆகும், அதற்குப் பிறகு இருட்டுவதற்குள் டென்ட் போட வேண்டும். முதல் தடவை ஒரே ஒரு இரவு, எட்டு பத்து கி.மீ., அதுவும் எளிதாகத் திரும்பிவரக்கூடிய பாதையில் போங்கள். எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம் என்பதைக் கிளம்பும் முன்பே இருவரும் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

பதில் 2
தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் அப்படியே குடிக்காதீர்கள். ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணி உள்ளே போனால் ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துக்கூட வயிற்றைப் புரட்டும். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். கையடக்க ஃபில்டர்கள் பாக்டீரியாவையும் ஒட்டுண்ணியையும் தடுக்கும், ஆனால் பெரும்பாலானவை வைரஸைத் தடுக்காது. வழியில் எங்கே தண்ணீர் இருக்கிறது, அது இந்த மாதத்தில் ஓடுமா என்பதை வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் எவ்வளவு சுமப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அனுமதி வேண்டுமா, டென்ட் எங்கே போடலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பதில் 3
ஸ்லீப்பிங் பேக் பற்றி யோசிக்கிற அளவுக்குக் கீழே விரிக்கிற மேட் பற்றி யாரும் யோசிப்பதில்லை. உடல் எடையில் அமுங்கிய ஸ்லீப்பிங் பேக் பஞ்சு சூடு காக்காது, தரைக்குளிர் நேராக உடம்பில் ஏறும். பருத்தி உடை வேண்டாம், நனைந்தால் சீக்கிரம் காயாது, உடல் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். காற்றும் ஈரமும் சேர்ந்தால் பனி விழாத இடத்தில்கூட ஹைப்போதெர்மியா (உடல் சூடு ஆபத்தான அளவுக்குக் குறைவது) வரும். காலில் எங்காவது உறுத்த ஆரம்பித்தால் அந்த நிமிடமே உட்கார்ந்து டேப் ஒட்டுங்கள், கொப்புளம் வந்தபின் செய்ய அதிகம் இல்லை. எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் திரும்புவோம், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கேட்டவர்
ரொம்ப நன்றி. ஒரு இரவு, 9 கி.மீ. என்று மாற்றிவிட்டோம். கேட்கத் தயக்கமாக இருந்தது, கழிப்பறைக்கு என்ன செய்வது?

பதில் 2
கேட்க வேண்டிய கேள்விதான். நீர்நிலை, பாதை, டென்ட் எல்லாவற்றிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளிப் போய் 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிந்ததும் அதே மண்ணால் மூடுங்கள். சின்ன மண்வெட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். டிஷ்யூ, நாப்கின் எதையும் புதைக்காமல் ஒரு ஜிப் கவரில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். சில இடங்களில் மலத்தையே பையில் எடுத்துவரச் சொல்வார்கள், அதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.